போனில் வீடியோ பார்ப்பது: திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகள்

போனை நீட்டி "இதைக் கொஞ்சம் பாரேன்" என்று கேட்பவர்கள் வீட்டிலும் இருக்கிறார்கள், வேலையிடத்திலும் இருக்கிறார்கள். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய அதேதான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடியோ சரியாக வரவில்லை என்றால் கோளாறு நான்கில் ஒரு இடத்தில் இருக்கும்: போனில், ஆப்பில், இணைய இணைப்பில், அல்லது அந்த வீடியோவிலேயே. எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கண்டுபிடிக்காமல் கண்ட இடத்தில் எல்லாம் மாற்றினால், சரியாக இருந்ததும் கெட்டுப்போகும்.

செட்டிங்ஸ் என்று நான் எழுதுவது, போனின் மொழியைத் தமிழாக்கி வைத்திருப்பவர்களுக்கு 'அமைப்புகள்' என்று தெரியும். உள்ளே இருக்கும் பெயர்கள் போனுக்குப் போன் சற்று மாறும். செட்டிங்ஸுக்குள் ஒரு தேடல் பெட்டி இருக்கிறது. அதில் ஓரிரு எழுத்துகளைத் தட்டினாலே வேண்டியது வந்து நிற்கும்.

1. போனைப் படுக்கவெச்சாலும் படம் திரும்பவே மாட்டேங்குது. என்ன பண்ணணும்?

திரை திரும்புவது பூட்டப்பட்டிருக்கிறது. ஆண்ட்ராய்டில் திரையின் மேலிருந்து விரலைக் கீழே இழுத்தால் வரும் பொத்தான்களில் 'ஆட்டோ ரொட்டேட்' இருக்கும். அதை ஒளிரச் செய்யுங்கள். ஐபோனில் மேல் வலது மூலையிலிருந்து கீழே இழுத்தால் (முகப்புப் பொத்தான் உள்ள பழைய மாடல்களில் அடியிலிருந்து மேலே) பூட்டைச் சுற்றி ஓர் அம்புக்குறி போட்ட படம் வரும். அங்கே தலைகீழ்: அது ஒளிர்ந்தால் பூட்டியிருக்கிறது என்று பொருள், அணைத்தால்தான் திரும்பும்.

ஒருக்களித்துப் படுத்துப் பார்ப்பவர்களுக்கு இதற்கு நேர் எதிரான தொல்லை. அவர்கள் வேண்டுமென்றே பூட்டிவைக்கலாம். பூட்டியிருந்தாலும், வீடியோவின் ஓரத்தில் உள்ள முழுத்திரைக் குறியைத் தட்டினால் யூடியூப் போன்ற ஆப்கள் அகலவாக்கில் காட்டிவிடும்.

2. சத்தத்தை முழுசா ஏத்திட்டேன், ஆனாலும் வீடியோவில் சத்தமே இல்லை

போனில் ஒரே ஒரு சத்தம் இல்லை. மணியோசைக்கு ஒன்று, அலாரத்துக்கு ஒன்று, அழைப்புக்கு ஒன்று, வீடியோவுக்கும் பாட்டுக்கும் 'மீடியா' என்று ஒன்று. ஆண்ட்ராய்டில் சத்தப் பொத்தானை ஒருமுறை அமுக்கி, வருகிற கோட்டின் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டினால் எல்லாக் கோடுகளும் வரிசையாகத் தெரியும். மீடியா எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

அது மேலே இருந்தும் சத்தம் வரவில்லை என்றால் புளூடூத்தைப் பாருங்கள். பைக்குள் கிடக்கும் இயர்போன் இன்னும் போனோடு சேர்ந்தே இருக்கும். வீடியோவின் சத்தம் முழுக்க அந்தப் பைக்குள் போய்க்கொண்டிருக்கும். புளூடூத்தை ஒரு நொடி அணைத்தால் தெரிந்துவிடும். மூன்றாவது காரணம், இணையப் பக்கங்களிலும் சமூக ஊடகங்களிலும் தானாக ஓடத் தொடங்கும் வீடியோக்கள் பெரும்பாலும் ஊமையாகவே தொடங்கும். மூலையில் குறுக்குக் கோடு போட்ட ஸ்பீக்கர் படம் இருந்தால் அதைத் தட்டுங்கள்.

3. படம் கட்டம் கட்டமா, மங்கலா வருது. போன் பழசாயிடுச்சா?

பெரும்பாலும் போன் காரணமில்லை. இணைப்பின் வேகத்துக்குத் தகுந்தபடி தரத்தை ஏற்றி இறக்குவது ஆப்தான். யூடியூப்பில் வீடியோவைத் தொட்டால் மேலே பல்சக்கரக் குறி வரும். அதில் தரம் என்ற இடத்தில் தானியங்கி, உயர்ந்த தரம், டேட்டா சேமிப்பு, மேம்பட்டது என்று வரும். 144பி, 360பி, 480பி, 720பி, 1080பி என்ற எண்கள் கடைசியாக உள்ள 'மேம்பட்டது' என்பதற்குள்தான் இருக்கின்றன. பலர் அதைத் திறப்பதே இல்லை.

அங்கே தேர்ந்தெடுப்பது அந்த ஒரு வீடியோவுக்குத்தான். எல்லாவற்றுக்கும் நிரந்தரமாக வேண்டும் என்றால், ஆப்பின் செட்டிங்ஸில் வீடியோ தரத்துக்கான பகுதிக்குப் போய் மொபைல் டேட்டாவுக்குத் தனியாகவும் வைஃபைக்குத் தனியாகவும் வையுங்கள். எல்லா எண்களையும் மேலே வைத்தும் மங்கலாகவே இருந்தால், ஏற்றியவரே குறைந்த தரத்தில் ஏற்றியிருக்கிறார். 360பி மட்டுமே பட்டியலில் தெரிந்தால் அதற்கு மேல் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

4. எவ்வளவு 'பி' வெச்சா எவ்வளவு டேட்டா போகும்?

'பி'க்கு முன்னால் உள்ள எண் படத்தின் உயரத்தில் எத்தனை வரிப் புள்ளிகள் என்பதைச் சொல்கிறது. 720பி என்றால் 1280க்கு 720, அதாவது சுமார் 9 லட்சம் புள்ளிகள். 1080பி என்றால் 1920க்கு 1080, சுமார் 20 லட்சம் புள்ளிகள். எண் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது, புள்ளிகளோ இரண்டேகால் மடங்கு ஆகிவிடுகின்றன. டேட்டா வேகமாகக் கரைவதற்குக் காரணம் இதுதான்.

மனக்கணக்கு ஒன்று: நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் வீடியோ ஒரு மணி நேரத்தில் 450 எம்பி எடுக்கும். வேகம் இரட்டித்தால் செலவும் இரட்டிக்கும். நெட்ஃபிளிக்ஸ் தன் பயனர்களுக்குச் சொல்லும் கணக்கில், மணிக்குக் குறைந்த தரத்தில் 0.3 ஜிபி வரை, நடுத்தரத்தில் 0.7 ஜிபி வரை, எச்டியில் 3 ஜிபி வரை, 4கேயில் 7 ஜிபி வரை. கைக்குள் அடங்கும் திரையில் பேட்டி, செய்தி, பாடம் எல்லாவற்றுக்கும் 480பி தாராளம். கரும்பலகை எழுத்தோ கணினித் திரையோ காட்டும் பாடம் என்றால் 720பி வையுங்கள். அதற்குக் கீழே எழுத்து கரைந்துவிடும்.

5. நான் எதையும் பார்க்கவே இல்லை. டேட்டா மட்டும் தீர்ந்துபோகுது

முதலில் யார் தின்கிறார்கள் என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் 'டேட்டா யூசேஜ்' என்று தேடுங்கள். ஐபோனில் மொபைல் டேட்டா பக்கத்தைக் கீழே உருட்டுங்கள். ஆப் வாரியாகக் கணக்கு இருக்கும். ஊகிப்பதைவிட இதைப் பார்ப்பது நல்லது, பல நேரம் நாம் நினைக்காத ஒன்றுதான் முதலிடத்தில் இருக்கும்.

வழக்கமாகச் சிக்குபவை இவை. வாட்ஸ்அப் குழுக்களில் வருகிற வீடியோக்கள் நாம் திறக்காமலே இறங்கிக்கொண்டிருக்கும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சேமிப்பகம், டேட்டா பகுதிக்குள் தானாகப் பதிவிறங்குவதை மொபைல் டேட்டாவுக்கு நிறுத்துங்கள். யூடியூப் முகப்பில் விரலை நிறுத்தினாலே வீடியோ ஓடத் தொடங்கும். அதை வைஃபையில் மட்டும் என்றோ வேண்டாம் என்றோ மாற்றலாம். ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக வருவதற்குத் தனிப் பொத்தான் வீடியோவின் மேலேயே இருக்கிறது. தூக்கத்தில் விடிய விடிய ஓடுவது இதனால்தான். எடுத்த படங்களைத் தானாக மேலே அனுப்பிவைக்கும் ஆப்களும் மொபைல் டேட்டாவில் அனுப்ப அனுமதி வாங்கியிருக்கலாம்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். மொபைல் டேட்டா பக்கத்தின் அடியில் 'வைஃபை அசிஸ்ட்' என்று ஒன்று இருக்கிறது. வைஃபை பலவீனமானால் அது சொல்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடும். வைஃபையில் இருப்பதாக நினைத்து மணிக்கணக்கில் பார்ப்பவர்களுக்கு இது ஓட்டையாகலாம். பல ஆண்ட்ராய்டு போன்களிலும் வைஃபை பகுதியில் இதேபோல் ஒன்று உண்டு.

6. வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு, ஓட மாட்டேங்குது

இங்கேதான் முன்னுரையில் சொன்ன நான்கு இடங்களையும் வரிசையாகச் சோதிக்க வேண்டும். அதே ஆப்பில் வேறொரு வீடியோவைப் போடுங்கள். அது ஓடினால் முதல் வீடியோவில்தான் கோளாறு. ஓடவில்லை என்றால் வேறொரு ஆப்பில் ஒரு வீடியோ. அது ஓடினால் முதல் ஆப்பில் கோளாறு. அதுவும் ஓடவில்லை என்றால் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் ஒரு நிமிடம் பாருங்கள். இப்போது ஓடினால் வைஃபை. எதிலும் ஓடாவிட்டால் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். விபிஎன் (இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் ஆப்) ஏதாவது வைத்திருந்தால் அதையும் நிறுத்திப் பாருங்கள்.

வைஃபைதான் காரணம் என்றால், ரூட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் தருகிறதா என்று பாருங்கள். 2.4 தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு, நெரிசலும் அதிகம். 5 வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். ரூட்டர் இருக்கும் அறையில் 5, தூரத்து அறையில் 2.4 என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆப்தான் காரணம் என்றால், ஆண்ட்ராய்டில் அந்த ஆப்பின் தகவல் பக்கத்தில் சேமிப்பகம் என்ற இடத்துக்குப் போய் 'கேச்' (ஆப் தற்காலிகமாகச் சேமித்துவைத்தவை) மட்டும் அழியுங்கள். பக்கத்திலேயே 'டேட்டாவை அழி' என்று இன்னொரு பொத்தான் இருக்கும். அதைத் தொட்டால் லாகின், இறக்கிவைத்த வீடியோக்கள் எல்லாமே போய்விடும். அவசரத்தில் இரண்டாவதை அழுத்திவிட்டு, கடவுச்சொல்லும் நினைவில்லாமல் கலங்கிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

7. படத்தோட ரெண்டு பக்கமும் கறுப்பா இருக்கே, முழுத்திரையா வராதா?

வரும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பெரும்பாலான வீடியோக்கள் 16க்கு 9 என்ற அளவில் எடுக்கப்படுகின்றன. இன்றைய போன்கள் பலவும் நீளமானவை, 20க்கு 9 அளவு. அப்படிப்பட்ட திரையில் 16க்கு 9 வீடியோ அகலத்தில் 80 சதவீதத்தைத்தான் நிரப்பும். மீதி 20 சதவீதம் இரண்டு பக்கமும் கறுப்பாக நிற்கிறது.

இரண்டு விரலை வைத்து விரித்தால் படம் திரையை நிரப்பிவிடும். அப்போது மேலே 10 சதவீதமும் கீழே 10 சதவீதமும் வெட்டுப்படும். கீழே ஓடும் செய்தி வரி, விளையாட்டில் மூலையில் இருக்கும் ஸ்கோர், சமையல் வீடியோவில் அடியில் போடும் அளவுக் குறிப்பு எல்லாம் அந்த 10 சதவீதத்தில்தான் இருக்கும். எனக்குக் கறுப்புப் பட்டையோடு பார்ப்பதுதான் பிடிக்கும். விரல்களைச் சேர்த்தால் பழையபடி வந்துவிடும்.

8. பார்த்துக்கிட்டிருக்கும்போதே வெளிச்சம் தானா குறைஞ்சுபோகுது

அறையின் வெளிச்சத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளும் தானியங்கி ஒளி அமைப்பு ஒரு காரணம். ஆண்ட்ராய்டில் டிஸ்பிளே பகுதியில் அணைக்கலாம். ஐபோனில் அது டிஸ்பிளே பகுதியில் இல்லை. அக்சஸிபிலிட்டி என்ற அணுகல்தன்மைப் பகுதியில், திரை மற்றும் எழுத்தளவுக்குள், கடைசி வரியாக ஒளிந்திருக்கிறது. பேட்டரி சேமிப்பு முறை போட்டிருந்தாலும் பல போன்கள் வெளிச்சத்தைக் குறைத்துவிடும்.

இரண்டும் இல்லை என்றால் போனின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் திரையை மங்கலாக்குகிறது. நீங்கள் ஏற்றினாலும் ஏறாது. ஐபோன், ஐபேடுகளைச் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்போது பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். சார்ஜ் போட்டபடி, தடித்த உறையோடு, தலையணைமேல் வைத்து நீண்ட நேரம் பார்த்தால் சூடு வெளியேற வழியே இல்லை. சார்ஜரைக் கழற்றி, உறையை எடுத்துவிட்டு, காற்றுப்படும் இடத்தில் சிறிது நேரம் வையுங்கள். குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோத்துவிடும்.

9. ராத்திரி பார்த்தா கண்ணு எரியுது. நீல ஒளிக் கண்ணாடி வாங்கணுமா?

எரிச்சலுக்கு முக்கியக் காரணம் கண் சிமிட்டாமல் பார்ப்பது. அமெரிக்கக் கண் மருத்துவ அகாதமி சொல்வது இது: நாம் வழக்கமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை சிமிட்டுகிறோம், திரையைப் பார்க்கும்போது அது பாதியாகிவிடக்கூடும். கண் வறண்டுபோகிறது. திரையின் நீல ஒளி கண்ணைக் கெடுப்பதாகச் சான்றில்லை என்றும், அதற்கான தனிக் கண்ணாடியைத் தாங்கள் பரிந்துரைப்பதில்லை என்றும் அதே அகாதமி சொல்கிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை, 20 நொடி பார்க்கச் சொல்கிறார்கள். எனக்கு இது நன்றாகவே உதவுகிறது.

இருட்டறையில் வெளிச்சத்தை எவ்வளவு குறைத்தும் கூசினால், ஆண்ட்ராய்டு 12 முதல் 'எக்ஸ்ட்ரா டிம்' என்ற பொத்தான் இருக்கிறது. கோட்டின் கடைசிக்கும் கீழே இறக்கும். ஐபோனில் அணுகல்தன்மையில் 'ரெட்யூஸ் ஒயிட் பாயிண்ட்' அதே வேலையைச் செய்யும். திரையை மஞ்சளாக்கும் இரவு ஒளி சிலருக்கு இதமாக இருக்கும், ஆனால் படத்தின் நிறம் மாறிவிடும். பகலிலும் படம் மஞ்சளாகத் தெரிகிறது என்று வருபவர்கள் அதை அணைக்க மறந்தவர்கள்தான். எரிச்சல் நாள்கணக்கில் தொடர்ந்தாலோ பார்வை மங்கினாலோ கண் மருத்துவரிடம் போங்கள்.

10. இயர்போன்ல பேச்சு பாதிதான் கேக்குது, பின்னணி இசை மட்டும் நல்லா கேக்குது

என் பெரியப்பாவுக்கு இடது காது கேட்காது. இரண்டு வருடமாக அவர் இயர்போனில் பார்த்த வீடியோக்களில் ஒருவர் பேசுவது கேட்கும், எதிரில் இருப்பவர் பதில் சொல்வது கேட்காது. போனின் குறை என்றே நினைத்திருந்தார். இடது பக்கம் வரும் சத்தம் இடது காதுக்கு மட்டும் போகிற ஸ்டீரியோ முறை அது. அணுகல்தன்மைப் பகுதியில் ஒலி என்ற இடத்தில் 'மோனோ ஆடியோ'வைப் போட்டேன். இரண்டு பக்கமும் கலந்து வலது காதுக்கு வந்தது. அன்று முழுக்க, பார்த்த வீடியோக்களையே மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிப் பார்ப்பவர்களுக்கும் இதேதான் வழி. அதே இடத்தில் இடம், வலம் என்று ஒரு கோடும் இருக்கும். அது தெரியாமல் ஓர் ஓரத்துக்கு நகர்ந்திருந்தால் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஒரு பக்கம் மட்டும் கம்மியாகக் கேட்டால் இயர்போன் வலையில் அழுக்கு அடைத்திருக்கும், உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

கேட்கவில்லை என்று சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். ஐபோனில் ஒலிப் பகுதியில் ஹெட்போன் பாதுகாப்பு என்ற இடத்தில் உச்ச அளவைக் கட்டிவைக்கலாம்.

11. புளூடூத் மாட்டினா உதடு முன்னாடி அசையுது, பேச்சு பின்னாடி வருது

போன் சத்தத்தைச் சுருக்கி, காற்றில் அனுப்பி, இயர்போன் அதை விரிக்க நேரம் பிடிக்கிறது. ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதம்கூட உதட்டசைவில் தெரிந்துவிடும். யூடியூப் போன்ற ஆப்கள் படத்தையும் அதே அளவு தாமதப்படுத்தி ஈடுகட்டப் பார்க்கும். ஆகவே ஓர் ஆப்பில் சரியாகவும் இன்னொன்றில் தவறாகவும் இருந்தால் அது அந்த ஆப்பின் குறை.

வீடியோவை நிறுத்தி மறுபடி ஓடவிடுங்கள்; பல நேரம் சேர்ந்துகொள்ளும். போனில் சேமித்த வீடியோ என்றால் விஎல்சி என்ற வீடியோ ஆப்பில் ஒலித் தாமதத்தை மில்லிநொடிக் கணக்கில் முன்னும் பின்னும் நகர்த்தலாம். சில இயர்போன்களில் விளையாட்டுக்கான குறைந்த தாமத முறை இருக்கும். எதுவும் பலிக்காவிட்டால் கம்பி இயர்போன். அதில் இந்தத் தொல்லையே இல்லை.

12. சப்டைட்டில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கு

ஆண்ட்ராய்டில் அணுகல்தன்மையில் 'கேப்ஷன்' பகுதி, ஐபோனில் அங்கேயே சப்டைட்டில் பகுதி. எழுத்தளவு, நிறம், பின்னணி மூன்றையும் மாற்றலாம். வெள்ளை எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை வைத்தால் வெளிச்சமான காட்சியிலும் படிக்கலாம். சில ஆப்கள் போனின் அமைப்பை மதிக்காமல் தங்களுக்கென்று தனி அமைப்பு வைத்திருக்கும்.

சேமித்த வீடியோவுக்குத் தனியாகத் தமிழ் சப்டைட்டில் கோப்பு போட்டால் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ தெரிகிறதா? கோப்பை யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் மறுபடி சேமியுங்கள். கோப்பின் பெயரும் வீடியோவின் பெயரும் ஒன்றாக, ஒரே ஃபோல்டரில் இருந்தால் விஎல்சி தானே எடுத்துக்கொள்ளும்.

13. நேத்துவரை ஒழுங்கா பேசின சேனல் இன்னிக்கு வேற மொழியில பேசுது!

யூடியூப்பில் ஒரே வீடியோவுக்குப் பல மொழி ஒலித்தடங்கள் இருக்கலாம். சிலவற்றை இயந்திரமே மொழிமாற்றிச் சேர்த்திருக்கும். உங்கள் மொழி விருப்பத்தை வைத்து ஆப் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. 3ஆம் கேள்வியில் சொன்ன அதே பல்சக்கரக் குறிக்குள் 'ஆடியோ டிராக்' என்று இருக்கும். அதில் அசல் என்று குறிப்பிட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பேசுபவரின் சொந்தக் குரலில் கேட்பதற்கு ஈடு கிடையாது.

14. வீடியோ ஓடிக்கிட்டிருக்கும்போதே மெசேஜ் பார்க்க முடியுமா?

முடியும். படத்துக்குள் படம் என்ற வசதி ஆண்ட்ராய்டில் 8ஆம் பதிப்பிலும் (2017), ஐபோனில் ஐஓஎஸ் 14இலும் (2020) வந்தது. ஆப் அனுமதித்தால், முகப்புக்குப் போனதும் வீடியோ சின்னச் சதுரமாகி மூலையில் நிற்கும். வரவில்லை என்றால் அந்த ஆப்புக்கு அனுமதி இருக்கிறதா பாருங்கள். சில சேவைகளில் கட்டணத் திட்டத்துக்கு மட்டும்தான் இது கிடைக்கும்.

15. 120 ஹெர்ட்ஸ் வெச்சா வீடியோ இன்னும் அழகா தெரியுமா?

பெரிய வித்தியாசம் இருக்காது. திரைப்படங்கள் நொடிக்கு 24 சட்டகங்களில் (ஃபிரேம்களில்) எடுக்கப்படுகின்றன. மற்ற வீடியோக்களும் பெரும்பாலும் 25, 30 அல்லது 60. திரை 120 முறை புதுப்பித்தாலும் வீடியோவில் இல்லாத சட்டகம் புதிதாக வந்துவிடாது. விரலால் உருட்டும்போதும் விளையாட்டிலும்தான் அதன் முக்கியப் பயன். பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது என்றால் 60இல் வைத்துவிடுங்கள்.

16. நான் எடுத்தப்போ பளிச்னு இருந்தது, வாட்ஸ்அப்ல அனுப்பினதும் மங்கிப்போச்சு

அனுப்பும்போது வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்குகிறது. அனுப்பும் முன் மேலே வரும் எச்டி பொத்தானைத் தட்டினால் குறைவாகச் சுருக்கும். துளியும் குறையக் கூடாது என்றால், இணைப்புக் குறியைத் தட்டி, கேலரியை விட்டுவிட்டு 'ஆவணம்' வழியாக அதே வீடியோவைத் தேர்ந்தெடுங்கள். 2 ஜிபி வரை, எடுத்தது எடுத்தபடியே போகும். குடும்ப நிகழ்ச்சி வீடியோக்களை இப்படியே அனுப்புங்கள். சுருங்கிய பிரதி மட்டும் மிஞ்சி, அசல் அழிந்துபோனால் திரும்பக் கிடைக்காது.

17. குழந்தைகிட்ட கொடுத்தா ஒரு நிமிஷத்துல எங்கேயோ போயிடுறான்

ஐபோனில் அணுகல்தன்மையில் 'கைடட் அக்சஸ்' போடுங்கள். வீடியோவைத் தொடங்கிவிட்டுப் பக்கவாட்டுப் பொத்தானை மூன்று முறை அழுத்தினால் அந்த ஆப்பைவிட்டு வெளியே போக முடியாது. தொடுதலையே அணைத்துவிடவும் அங்கே வழி உண்டு. ஆண்ட்ராய்டில் பாதுகாப்புப் பகுதியில் 'ஆப் பின்னிங்' இருக்கும். அதில் 'விடுவிக்கும் முன் பின் எண் கேள்' என்பதையும் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் பூட்டியதற்கே பொருளில்லை.

ஆனால் இவை ஆப்பைத்தான் பூட்டும், ஆப்புக்குள் அடுத்தடுத்து வரும் வீடியோக்களைப் பூட்டாது. அதனால் 5ஆம் கேள்வியில் சொன்ன தானாக ஓடுவதையும் நிறுத்துங்கள். யூடியூப் கிட்ஸில் நீங்கள் தேர்ந்தெடுத்த வீடியோக்கள் மட்டும் தெரியும்படி வைக்கலாம். அப்படி வைத்தாலும் பக்கத்தில் ஒரு பெரியவர் இருப்பது நல்லது.

18. டவுன்லோட் பண்ணின படம் கேலரியில காணவே காணோம்

யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் போன்ற ஆப்களுக்குள் இறக்கியவை பூட்டிய வடிவில் அந்த ஆப்புக்குள்ளேயே இருக்கும். அங்கே பதிவிறக்கம் என்ற பக்கத்தில் பாருங்கள். அவற்றுக்குக் காலக்கெடுவும் உண்டு. பயணத்துக்கு முன்னாள் இரவு, இணைப்பு இருக்கும்போதே ஒருமுறை திறந்து ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆப்பை நீக்கினாலோ 6ஆம் பதிலில் எச்சரித்த 'டேட்டாவை அழி'யை அழுத்தினாலோ இவையும் போய்விடும்.

19. சத்தம் வருது, படம் வரலை. சில சமயம் படம் வருது, சத்தம் வரலை

எம்பி4, எம்கேவி என்பவை பாத்திரத்தின் பெயர்கள். உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். எச்.264 என்ற 2003ஆம் ஆண்டு முறையை ஏறக்குறைய எல்லா போனும் படிக்கும். 2013இல் வந்த எச்.265ஐயும் 2018இல் வந்த ஏவி1ஐயும் பழைய போன்களின் சிப் படிக்காமல் போகலாம். ஐபோன்களில் ஏவி1ஐப் படிக்கும் சிப் முதலில் வந்தது 2023இன் 15 புரோ மாடல்களில்தான். சத்தத்துக்கும் இதே கதை.

விஎல்சியில் போட்டுப் பாருங்கள். இலவசம், விளம்பரம் இல்லை, சிப் படிக்காததை மென்பொருளாலேயே படிக்க முயலும். ஆனால் அப்போது போன் சூடாகும், பேட்டரி வேகமாக இறங்கும், 4கே என்றால் திக்கித் திக்கி ஓடும். ஐபோனில் எடுத்த வீடியோ மற்றவர் போனில் ஓடவில்லை என்றால், கேமரா செட்டிங்ஸில் வடிவம் என்ற இடத்தில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றி எடுங்கள், அது எச்.264இல் பதிவாகும்.

20. திரை நல்ல திரை, இணைப்பும் வேகம், ஆனா நெட்ஃபிளிக்ஸ்ல மட்டும் எச்டி வர்றதே இல்லை

பதில் தெரியாமல் நான் அதிக நாள் அலைந்த கேள்வி இது. ஆண்ட்ராய்டில் இத்தகைய சேவைகள் வைட்வைன் என்ற கூகுளின் பூட்டு முறையைப் பயன்படுத்துகின்றன. எல்1 என்ற நிலையில் பூட்டைத் திறப்பது சிப்பின் பாதுகாக்கப்பட்ட பகுதியில் நடக்கும். எல்3 என்ற நிலையில் வெறும் மென்பொருளில் நடக்கும். எல்3 போன்களைச் சேவைகள் முழுதாக நம்புவதில்லை. வழக்கமாக 480பி அளவோடு நிறுத்திவிடும். திரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை.

நெட்ஃபிளிக்ஸ் ஆப்பின் செட்டிங்ஸில் 'பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்' என்ற பக்கத்தில் உங்கள் போனின் நிலையும் உச்ச தரமும் எழுதியிருக்கும். எல்1 என்று இருந்தும் எச்டி வரவில்லை என்றால், உங்கள் திட்டத்தில் எச்டி உண்டா, டேட்டா சேமிப்பு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போனின் பூட்லோடரை (போனைப் போட்டதும் அதன் மென்பொருளை ஏற்றும் பகுதியை) பூட்டு நீக்கித் திறந்தால் எல்1 போய் எல்3 ஆகிவிடலாம். வீடியோவுக்காகவே புதுப் போன் வாங்குபவர்கள் திரையளவுக்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

21. ஸ்கிரீன் ரெக்கார்ட் பண்ணினா கறுப்பா வருது, போன்ல கோளாறா?

இல்லை. முந்தைய பதிலில் சொன்ன அதே பூட்டுதான் காரணம். பதிவு செய்ய முடியாதபடி சேவையே தடுத்திருக்கிறது.

22. "வீடியோ பார்க்க பிளேயரை அப்டேட் செய்யவும்"னு வருது, செய்யலாமா?

செய்யாதீர்கள். இணையப் பக்கத்தில் வீடியோ பார்க்க பிரவுசரே போதும், தனி பிளேயர் தேவையில்லை. அந்தப் பொத்தான் இறக்கும் கோப்பு ஆப் ஸ்டோருக்கு வெளியிலிருந்து வருவது. நிறுவியதும் அணுகல்தன்மை அனுமதி கேட்டால் கண்டிப்பாகக் கொடுக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் பல இடத்தில் நான் பரிந்துரைத்த அதே அணுகல்தன்மைதான், ஆனால் ஓர் ஆப்புக்கு அந்த அனுமதியைக் கொடுத்தால் திரையில் உள்ளதைப் படிக்கவும் உங்களுக்குப் பதிலாகத் தட்டவும் அதற்கு முடியும். வங்கி ஆப்பும் அதே போனில்தான் இருக்கிறது.

ஏற்கெனவே நிறுவிவிட்டீர்களா? இணைப்பைத் துண்டியுங்கள், அணுகல்தன்மையில் அதன் அனுமதியை நீக்குங்கள், பிறகு ஆப்பை நீக்குங்கள். கடவுச்சொற்களை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். வங்கிக்கும் உடனே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருக்க வேண்டாம், இதில் யாரும் ஏமாறலாம்.

23. எல்லாத்தையும் மாத்தி மாத்திக் குழப்பிட்டேன். பழையபடி கொண்டுவர முடியுமா?

ஐபோனில் ஜெனரல் பகுதியின் கடைசியில் 'ரீசெட்' என்ற இடத்தில் 'ரீசெட் ஆல் செட்டிங்ஸ்' இருக்கிறது. படங்கள், ஆப்கள், தொடர்புகள் எதுவும் அழியாது. ஆனால் வைஃபை கடவுச்சொற்கள் மறந்துபோகும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களிலும் எல்லா அமைப்புகளையும் மட்டும் மீட்டமைக்கும் பொத்தான் உண்டு. அதே பட்டியலில் 'ஃபேக்டரி ரீசெட்', 'எல்லாத் தரவையும் அழி' என்று வருபவை வேறு. அவை போனையே காலியாக்கிவிடும். எழுத்தை இரண்டு முறை படித்துவிட்டுத் தட்டுங்கள்.

இனி எதையாவது மாற்றும் முன் அந்தப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், வீடியோவைப் போட்டுப் பாருங்கள், பலன் இல்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.